ஹீற்றருக்குள் கூனி

காருக்குள் மழை பெய்கிறது என்று ஞானமலர் ரீச்சர் சொன்னபோது நல்லரத்தினம் சிரித்துவிட்டான். புரட்டாதி வெயில் றோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அடுத்த நிமிடம் ரீச்சர் முனகிக்கொண்டு காலைத் தூக்கினார். டாஷ்போட்டுக்குக் கீழேயிருந்து சொட்டியது கொதிதண்ணீர்.

கல்லடிப் பாலத்துச் சோதனைச் சென்றியைத் தாண்டியதும் ஓரங்கட்டிப் பார்த்தான். ரீச்சரின் காலடியில் விரித்திருந்த சாக்கு நனைந்து ஆவி பறந்தது. முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி புகாராகப் படிந்து, எதிரே வந்த பஸ் வெள்ளைப் பூச்சாகத் தெரிந்தது. நல்ல காலம், ரீச்சரின் காலில் கொப்புளம் போடவில்லை.

“ஆள் ஏத்துற காருக்குள்ள அடுப்பும் வெச்சிரிக்கியாகா?” என்று கேட்டுவிட்டு, மிச்சத் தூரத்தை ரீச்சர் கால் இரண்டையும் சீற்றில் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார்.

அடுப்பு என்று சொன்னதில் பிழை இல்லை. அந்தக் கறுப்புக் கார் நுவரெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரைக்காக இங்கிலாந்திலிருந்து இறக்கியது. துரைக்குக் குளிர். அதனால் காருக்குள் ஹீற்றர். எஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக உள்ளே வந்து, டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு குட்டி றேடியேற்றரில் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும். அதில் பட்ட காற்றுச் சூடாகித் துரையின் காலுக்கு வரும். கை மாறிக் கை மாறி மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்த பிறகு அதை யாரும் தேடவில்லை. அடைக்கிற திருகாணி துருவில் இறுகியதால் தண்ணீர் மட்டும் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் குட்டி றேடியேற்றர் எங்கோ பிய்ந்துவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்பென்றால் ஒரு நாள் காரை நிறுத்தி வைப்பது பெரிய விஷயம். கிரான் பக்கத்து நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வர இந்தக் காரைத்தான் தேடுவார்கள். சென்றிகளில் முகம் பழகியவன் என்பதால் அவன் கார் கெதியாகக் கடந்துவிடும். இப்போது கிரானில் இந்தக் காரைக் கண்டால் ஆட்கள் வேலிக்குள் ஒதுங்குகிறார்கள். அவனுடைய சொந்தத் தங்கச்சி வீட்டுக் கதவே அவனுக்குச் சாத்தியிருக்கிறது.

அது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. பொழுது சாயும் நேரம். கிரானில் தங்கச்சி கண்ணகையின் வீட்டு வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்று, இரண்டு தரம் சின்னதாக ஹோர்ன் அடித்தது. நல்லரத்தினம் வந்தால் அப்படித்தான் அடிப்பான். கண்ணகையின் புருஷன் கனகசிங்கம், “கொண்ணன் வந்திரிக்கார், தேத்தண்ணி வை” என்று குசினிப் பக்கம் சொல்லிவிட்டு, தோளில் துவாயோடு இறங்கிப் போனான். கண்ணகை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது காரின் பின்பக்கம்தான் தெரிந்தது. அண்ணன் ஏதோ அவசரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்தாள். கேத்திலை அடுப்பிலேயே விட்டு வைத்தாள்.

கனகசிங்கம் திரும்பி வரவில்லை. அவன் கமக்காரர் சங்கத்துச் செயலாளர். வயல் வட்டையில் நெற்சூடு அடித்து முடிகிற நேரம் பார்த்து நெல் மூட்டை கேட்டு வந்த ஆயுதக்காரர்களிடம், சங்கத்து நெல்லைத் தர முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவன். அதற்குப் பிறகு அவன் முன்பின் தெரியாத யார் கூப்பிட்டாலும் வாசலுக்கு இறங்குவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நல்லரத்தினம் மலேரியாக் காய்ச்சலில் கல்லடி வீட்டில் போர்த்துப் படுத்துக் கிடந்தான். கார் புளியந்தீவில், யோசேப்பின் கராஜில் நின்றது. கண்ணகை இதில் ஒன்றையும் நம்பவில்லை. அவன் படுத்திருந்ததற்குச் சாட்சி அவன் பெண்சாதி. பெண்சாதி வேறு எப்படிச் சொல்லுவாள்? கார் நின்றதற்குச் சாட்சி யோசேப்பு.

அந்த யோசேப்பைக் கிரானுக்கே கூட்டிக்கொண்டு போனான் நல்லரத்தினம். இருபது வருடத்துக் கூட்டாளி. கண்ணகையின் கலியாணத்துக்குப் பந்தலில் லைற் போட்டவன். அந்தக் கிழமை முழுதும் காரின் கியர்பெட்டி கழற்றி நிலத்தில் கிடந்தது, கார் ஓர் அடிகூட அசைந்திருக்காது என்று அவன் கண்ணகையின் வாசலில் நின்று சொன்னான். நல்லரத்தினம் பக்கத்தில் நின்று தலையாட்டினான். இந்த மாவட்டத்தில் இதே மாதிரிக் கறுப்புக் கார் நாலைந்து ஓடுகிறது, நீ கண்டது வேறு கார், பதட்டத்தில் உனக்கு அப்படித் தெரிந்திருக்கிறது என்று தங்கச்சிக்கு விளங்கப்படுத்தினான்.

கண்ணகை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, இனி இந்த வாசலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே நினைப்புத்தான். ஊர் என்னவும் சொல்லட்டும். தங்கச்சியின் புருஷனைத் தான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்று அவள் ஒருத்தி நம்பினால் போதும்.

ரீச்சரை இறக்கிவிட்டு நேரே யோசேப்பிடம் போனான்.

தேவாலயத்து மதிலை ஒட்டியிருந்தது கராஜ். வளவுக்குள் ஒரு கிணறு. புளியந்தீவில் பாதிக் கிணறு சவர், உப்புக் கரிக்கும். யோசேப்பின் கிணறு மட்டும் இளநீர் மாதிரி. வாடகைக்கு ஹயர் ஓடுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் தண்ணீர்க் கான் நிரப்புவார்கள். ஆற்றுத் தண்ணீரையோ சவர்க் கிணற்றுத் தண்ணீரையோ றேடியேற்றருக்கு ஊற்றியதாகத் தெரிந்தால் யோசேப்புக்குப் பேய் பிடித்துவிடும். வாவிக்கரையில் கார் வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி மிதிவெடி இல்லை, சவர்த் தண்ணீர்தான் என்பான். பித்தளையை அரித்து, ஈயப் பற்றைத் தின்று, மூன்றே மாதத்தில் ஓட்டை போட்டுவிடும் என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறான்.

நடந்ததைக் கேட்டதும் யோசேப்பு சிரித்தான்.

“வெள்ளைக்காரன் குளிர் காய்ஞ்ச பெட்டியில மட்டக்களப்புச் சனத்த வெச்சி அவிச்சிரிக்கிறாய். வேர்வைக்கு வேறயாக் காசு எடுக்கயில்லயா மச்சான்?”

வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. எஞ்சின் பக்கம் இருந்த இரண்டு குழாயையும் உருவி, ஒரே குழாயை வளைத்து இரண்டு வாய்க்கும் பூட்டிக் கிளிப் இறுக்கினான். தண்ணீர் இனி உள்ளே வராது. பிறகு காருக்குள் மல்லாந்து படுத்து, நாலு ஆணியைக் கழற்றி, ஹீற்றருக்குள் இருந்த அந்தக் குட்டி றேடியேற்றரை வெளியே இழுத்தான். ஓர் அப்பியாசப் புத்தகத்தின் அகலம். இரண்டு பக்கமும் பித்தளைத் தொட்டி, நடுவில் மெல்லிய குழாய் வரிசை. ஈயம் பற்றவைத்த மூலையில் பச்சை பிடித்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பொரிந்திருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உழைத்த சாமானுக்கு இனி என்ன என்று யோசேப்பு அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பழைய இரும்புக் குவியலில் எறிந்தான்.

கை கழுவும்போது வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான். கண்ணகை ஏதும் பேசினாளா?

இல்லை என்று நல்லரத்தினம் சொன்னதும், ஈரக் கையால் அவன் தோளைப் பிடித்தான். அவளும் பாவம், நேரம் எடுக்கும், ஒரு நாளைக்கு விளங்கும் என்றான். நல்லரத்தினத்துக்கு நெஞ்சு இளகியது. இந்த மூன்று மாதமும் இப்படி ஆறுதல் சொன்னவன் இவன் ஒருத்தன்தான். கூலியும் வாங்கவில்லை. வெளிக்கிடும்போது, பித்தளைக்காரனுக்குப் போடலாம் என்று குவியலில் கிடந்த சாமானை எடுத்து டிக்கியில் வைத்துக்கொண்டான்.

மத்தியானம் சாப்பிட்டு எழும்பி, அதைக் கொல்லைப்புறத்துச் சீமெந்துக் கட்டில் கவிழ்த்துத் தட்டினான். உள்ளே ஊறி நிற்கிற ஊத்தையோடு கொடுத்தால் பித்தளைக்காரன் நிறையில் கழிப்பான். செம்மண் நிறத்தில் துரு கொட்டியது. வெள்ளைக் குறுணி மாதிரி ஏதோ கொட்டியது. இன்னும் இரண்டு தட்டு. சிவப்பாக, மெல்லிய தோல் துண்டுகள் விழுந்தன. ஏதோ ரப்பர் உரிந்து வருகிறது என்று நினைத்தான்.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த மங்கையற்கரசி எட்டிப் பார்த்தாள்.

“இது கூனியெல்லே,” என்றாள்.

அவன் நம்பவில்லை. அவள் குந்தி இருந்து, ஒரு துண்டை விரல் நுனியில் ஒட்டி எடுத்து அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். நகத்தின் அளவுகூட வராத குட்டி இறால். தலைப்பக்கம் போய்விட்டது. வால் விசிறியும் வளைந்த முதுகும் அப்படியே இருந்தன. மாசத்தில் பாதி நாள் கூனி வறுக்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா?

“வெந்தாத்தான் இந்தச் செவப்பு வரும். ஆத்துத் தண்ணியை ஆரு காருக்கு ஊத்தின?”

நல்லரத்தினம் அந்த வெள்ளைக் குறுணியில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

அவள் தன் பாட்டில் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் அங்கேயே நின்றான். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு யோசேப்பே எல்லாக் குழாயையும் கழற்றி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித் தந்தான். அதற்குப் பின் இந்தக் காருக்கு ஊற்றியதெல்லாம் யோசேப்பின் கிணற்றுத் தண்ணீர். டிக்கியில் எப்போதும் ஒரு கான் நிறைய இருக்கும். காரைக் கராஜில் விடும்போது மட்டும்தான் அதை எடுத்து வீட்டில் வைப்பான். அவன் கையால் ஆற்றுத் தண்ணீர் ஊற்றியதே இல்லை. இந்தக் காரை ஓட்டுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் அவன்.

அப்படியானால் எங்கேயோ ஒரு நாள், கிணறு இல்லாத ஓரிடத்தில், தண்ணீர்க் கான் இல்லாத நேரத்தில், இந்தக் கார் கொதித்து நின்றிருக்கிறது. பக்கத்தில் வாவி இருந்திருக்கிறது. நல்ல தண்ணீர் தேடிப் போக நேரமோ துணிவோ இருக்கவில்லை. மழை கண்டு மாதக்கணக்கான ஆடியில் வாவி சவர் ஏறிக் கிடக்கும். கூனி கரையோரமாக மொய்க்கும்.

அந்தத் துண்டுகளை ஒரு பேப்பரில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

யோசேப்பு ஒரு லொறியின் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தான். காரில் இன்னும் தண்ணீர் வருகிறதா என்று கேட்டான். நல்லரத்தினம் வேலை மேசையில் பேப்பரை விரித்தான். யோசேப்பு அருகில் வந்து குனிந்து பார்த்தான். பார்த்த உடனேயே நிமிரவில்லை.

அந்த ஹீற்றரில் இருந்து வந்தது என்று நல்லரத்தினம் சொன்னான். யாராவது தெரியாமல் ஊற்றியிருப்பார்கள் என்றான் யோசேப்பு. வேறு யார் என்று கேட்டான் நல்லரத்தினம். கியர்பெட்டி வேலைக்கு நின்ற நேரம் கிணற்றுக் கப்பி உடைந்திருந்தது, அதனால் ஒரு வாளி ஆற்றிலே அள்ளி ஊற்றியிருப்பேன் என்று யோசேப்பு இழுத்தான்.

“நிக்கிற காருக்கு என்னத்துக்குத் தண்ணி?”

நல்லரத்தினம் சத்தம் போடவில்லை. யோசேப்பு கையிலிருந்த ஸ்பானரை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல மேசையைத் தடவினான். பிறகு ஒரு பழைய ரயரில் இருந்தான்.

எல்லாம் வந்தது. துண்டு துண்டாக வந்தது.

அன்று நாலு மணிக்கு மூன்று பேர் கராஜுக்கு வந்தார்கள். இரண்டு பேரின் சட்டைக்குள் துவக்கு. கார் இருக்கிறதா என்று கேட்கவில்லை. நல்லரத்தினத்தின் கார் எங்கே என்று கேட்டார்கள். கனகசிங்கம் வெளியே இறங்கி வருவது அந்த ஒரு காருக்குத்தான் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கியர்பெட்டி அப்போது கழற்றவே இல்லை. அடுத்த நாள்தான் யோசேப்பு அதில் கை வைத்தான். ஓட்ட மாட்டேன் என்று முதலில் சொன்னானாம். வந்தவர்களில் மூத்தவன், பீற்றிஸ் எத்தனை மணிக்கு ரியூசன் முடிந்து வருவாள் என்று கேட்டான். பீற்றிஸ் யோசேப்பின் ஒரே மகள். பதினேழு வயது. நல்லரத்தினத்தை மாமா என்று கூப்பிடுகிற பிள்ளை.

போகும் வழியில் ஒரு சென்றியிலும் கார் மறிபடவில்லை. கனகசிங்கத்தை ஏற்றிக்கொண்டு, பெரிய றோட்டை விட்டு மணல் பாதையில் இறங்கித் தில்லையடித் துறைக்குப் போனார்கள். அங்கே ஒரு வள்ளம் நின்றது. மணலில் முக்கி முக்கி ஓடிய கார் துறைக்குக் கிட்ட வந்ததும் கொதித்து நின்றுவிட்டது. கனகசிங்கத்தை வள்ளத்தில் இறக்கிவிட்டு, ஐந்து நிமிடத்தில் இந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று யோசேப்பிடம் சொன்னார்கள். கையில் கான் இல்லை. எண்ணெய்த் தகரம் ஒன்று கிடந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நாலு தரம் அள்ளி ஊற்றினான். வாழ்நாள் முழுதும் மற்றவர்களைத் திட்டிய வேலையைத் தன் கையால் செய்தான். பிறகு அதைக் கழுவ வேண்டும் என்று பல நாள் நினைத்தானாம். றேடியேற்றரைத் திறக்கவே பயமாக இருந்ததாம்.

நல்லரத்தினம் கேட்டுக்கொண்டே நின்றான். துவக்கு நீட்டினால் எவனும் ஓட்டுவான். தனக்கு நேரேயும் அப்படி நீட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அதுவரைக்கும் அவனால் நினைக்க முடிந்தது. ஒன்றுதான் இடறியது.

“ரெண்டு தரம் ஹோர்ன் அடிக்கச் சொன்னது ஆரு?”

யோசேப்பு கால் விரலால் நிலத்து எண்ணெய்க் கறையைத் தேய்த்தான்.

“அதையும் அவங்கதான் சொன்னாங்களா?”

“இல்ல,” என்றான் யோசேப்பு. “நானாத்தான் அடிச்சன். அவன் வெளிய வராட்டி உள்ள பூந்திரிப்பாங்க மச்சான். புள்ளையளுக்கு முன்னால போட்டு அடிச்சி இழுத்திரிப்பாங்க. தானா வந்து ஏறட்டும் எண்டு நினைச்சன். மாதாவாண, அதுக்குத்தான்.”

அது இரக்கமா துரோகமா என்று பிரித்துப் பார்க்க நல்லரத்தினத்தால் முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. கனகசிங்கம் நம்பி இறங்கிய அந்தச் சத்தம் நல்லரத்தினத்தினுடையது. அதை எடுத்துக் கொடுத்தது இவன். அதன் பிறகு அந்த வாசலுக்கே வந்து நின்று, கண்ணகையின் கண்ணைப் பார்த்து, கார் அசையவில்லை என்று சொன்னவனும் இவன். மூன்று மாதம் தோளைப் பிடித்தவனும் இவன்.

கனகசிங்கம் ஏதும் பேசினானா என்று கேட்டான்.

காருக்குள் ஏறிய பிறகுதான் உள்ளே குனிந்திருந்த ஆட்களைக் கண்டான், சத்தம் போடவில்லை என்றான் யோசேப்பு. துறையில் வள்ளத்தில் ஏறும்போது மட்டும் திரும்பி, ‘மச்சானையும் புடிச்சிட்டாங்களா?’ என்று கேட்டானாம். யோசேப்பு இல்லை என்று தலையாட்டினானாம். அப்படியென்றால் சரி என்றானாம். வள்ளம் தெற்கே திரும்பியது. அவ்வளவுதான் தெரியும்.

பிறகு யோசேப்பு அழுதான். இதை வெளியே சொன்னால் பீற்றிஸை விட மாட்டார்கள் என்றான். நல்லரத்தினம் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வளவில் கிணற்றுக் கப்பி நல்லபடியாகத்தான் இருந்தது. கான் நிரப்ப வந்த ஒரு ஹயர்காரன் வாளியை இறக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் காலையில் கிரானுக்குப் போனான். கார் கொதிக்கவில்லை, சொட்டவில்லை. சந்தியில் நின்றவர்கள் காரைக் கண்டு பேச்சை நிறுத்தினார்கள். கண்ணகையின் வீட்டுக்கு முன்னால் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஹோர்ன் அடிக்காமல் இறங்கி, வேலிப் படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்குப் போயிருந்தார்கள்.

கண்ணகை வந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவன் படலைக்கு வெளியே நின்றபடியே பேப்பரை விரித்தான். கூனியைக் காட்டினான். ஹீற்றர் என்றால் என்னவென்று சொன்னான். கொதித்தது, துறை, எண்ணெய்த் தகரம், வள்ளம் எல்லாவற்றையும் சொன்னான். எங்கேயும் அவள் குறுக்கிடவில்லை. கனகசிங்கம் கடைசியாகக் கேட்டதைச் சொன்னபோது மட்டும் படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அழுவாள், அண்ணா என்பாள் என்று வழி முழுக்க நினைத்து வந்திருந்தான்.

“அப்ப நான் கண்டது உங்கட கார்தான்,” என்றாள் கண்ணகை.

“ஓம்.”

“என்ட கண்ணால கண்டத்தச் சொன்னன். இல்ல, உனக்குப் பதட்டம் எண்டு சொன்னது ஆரு? அவனா? நீங்கதானே. கூடப் பிறந்தவ சொன்னது பொய், அவன் சொன்னது மெய். மூணு மாசமா நானே என்னைப் பைத்தியம் எண்டு நினைச்சித் திரிஞ்சன்.”

தன்னைத் தங்கச்சி நம்பவில்லை என்றுதான் மூன்று மாதமும் நொந்தான். தான் அவளை நம்பவில்லை என்பது இதுவரை அவனுக்கு உறைக்கவே இல்லை.

கண்ணகை உள்ளே போய் ஒரு கடதாசியோடு வந்தாள். காணாமல்போனவர்களைப் பற்றி மேலிடத்துக்கு அவள் மாதம் ஒன்று எழுதி அனுப்புகிற கடிதம். இது நாலாவது. ‘எனது கணவரை எனது தமையனார் நல்லரத்தினத்தின் காரில் வந்தவர்கள் ஏற்றிச் சென்றனர்’ என்ற வரியை அவன் வாசித்தான். தமையனார் என்ற சொல்லை அவள் ஒரு கடிதத்திலும் விட்டுவிடவில்லை. அந்த வரியை வெட்டச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான்.

“அத வெட்ட மாட்டன். கார் உங்கட தானே,” என்றாள், அவன் கேட்காமலே. “கீழ எழுதுங்க. எந்தத் துறை, எத்தன பேர். ஓட்டினது ஆரு எண்டும் எழுதுங்க.”

அவன் பேனையை வாங்கினான். தில்லையடித் துறை என்று எழுதினான். மூன்று பேர் என்று எழுதினான். வள்ளம் தெற்கே போனது என்று எழுதினான். பிறகு பேனை நின்றது.

“அவனுக்கு ஒரு பொம்புளப் புள்ள இரிக்கு கண்ணகை,” என்றான்.

“எனக்கு ரெண்டு இரிக்கு.”

வேலிக்கு அப்பால் யாரோ நடந்து போன சத்தம் கேட்டது. போனவர் நின்று பார்த்துவிட்டு நடந்தார். நல்லரத்தினம் கடதாசியைப் படலைத் தூணில் வைத்து, யோசேப்பின் பெயரை எழுதினான். கராஜ் இருக்கிற தெருவை எழுதினான். இன்னும் என்ன என்பது போல அவளைப் பார்த்தான். கையெழுத்தும் வையுங்க என்றாள். வைத்தான். இருபது வருடத்தில் யோசேப்பின் பெயரைத் தன் கையால் எழுதியது அதுதான் முதல்தடவை என்று அப்போதுதான் நினைவு வந்தது. அவனுக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே வந்ததில்லை.

கண்ணகை கடதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டுக் கதவைப் பூட்டினாள். பக்கத்து வீட்டில், பிள்ளைகள் வந்தால் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். துறையில் வள்ளக்காரர் யாராவது கண்டிருப்பார்கள், இன்றைக்கே போய்க் கேட்க வேண்டும் என்றாள். தனியாகப் போகிற இடமில்லை அது என்றான் அவன். தனியாகப் போவதாக யார் சொன்னது என்று கேட்டுவிட்டு, அவள் படலையைத் தாண்டிக் காருக்கு வந்தாள்.

அவன் முன்கதவைத் திறந்து பிடித்தான். முன் சீற்றில் இருக்கலாம், இனிச் சுடுதண்ணீர் வராது என்றான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பின்கதவைத் திறந்தாள். ஏறாமல் நின்று, சீற்றின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பார்த்தாள்.

“அவர் எந்தப் பக்கம் இருந்தவர்?”

அதை அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை. அது யோசேப்புக்கு மட்டும்தான் தெரியும்.